சாவி போதாத வண்டி

1940ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்தில் கார் வைத்திருந்த பலர் சட்டைப்பையில் ஒரு சின்ன பேக்கலைட் துண்டோடு நடமாடினார்கள். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்திருந்தது. அடுத்து எதிரிப்படை பாராசூட்டில் வந்து இறங்கும் என்ற பயம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. இறங்குகிறவன் தெருவில் நிற்கும் காரை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? ஆளில்லாமல் நிறுத்தும் எந்த வண்டியையும் ஓடாதபடி செய்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. பலர் கையாண்ட வழி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே சுழலும் ரோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தை அனுப்புவது அந்தத் துண்டுதான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுற்றினாலும் பெட்ரோல் பற்றாது. கழற்ற மறந்தவர்களுக்கு அபராதம் விழுந்தது.

அதே போரில் ஓடிய ராணுவ ஜீப்பின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆரம்பத்தில் வந்த வில்லிஸ் ஜீப்புகளில் இக்னிஷன் சாவி இருந்தது. ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே வார்ப்புச் சாவி. போர்க்களத்தில் சாவி தொலைந்தால் வண்டி முடங்கிவிடும் என்று, பிறகு சாவியையே எடுத்துவிட்டு ஒரு திருகு சுவிட்சை வைத்தார்கள். சுவிட்சைத் திருப்பி, தரையிலிருந்த ஸ்டார்ட்டர் பொத்தானைக் காலால் மிதித்தால் போதும், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம். ஓட்டியும் போனார்கள், பெரும்பாலும் பக்கத்து முகாம் சிப்பாய்களே. அதனால் ஸ்டியரிங்கைச் சங்கிலியால் பூட்டுவதும், ரோட்டாரைக் கழற்றி வைத்துக்கொள்வதும் அங்கேயும் வழக்கமாயின.

போர் முடிந்ததும் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. எஃகுத் தட்டுப்பாட்டால் உடம்பை அலுமினியக் கலவைத் தகடுகளில் செய்து, துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தார்கள். 1990இல் அதற்கு டிஃபெண்டர் என்று பெயர் வந்தது. 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி இறங்கியபோது, அந்தப் பரம்பரையின் மொத்த எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

உற்பத்தி நின்ற நாளிலிருந்து பழைய டிஃபெண்டரின் விலை ஏறத் தொடங்கியது, திருட்டும் கூடியது. பண்ணைகளுக்குக் காப்பீடு வழங்கும் என்எஃப்யூ மியூச்சுவல் நிறுவனம் இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் கதவு, பானெட் எல்லாம் தனித்தனியாக வந்துவிடும்; ஒவ்வொன்றுக்கும் வாங்க ஆள் இருக்கிறது. 25 வயது கடந்த வண்டி என்றால் அமெரிக்காவுக்குள் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாமலே இறக்குமதி செய்யலாம் என்பதால் அங்கும் கிராக்கி. இவ்வளவு மதிப்புள்ள பழைய வண்டிகள் பலவற்றைக் காப்பதற்கு ஆலை கொடுத்ததோ, ஒரு எளிய சாவியும் எண்ணி எடுத்துவிடக்கூடிய சில வயர்களும்தான். உரிமையாளர்கள் ஆளுக்கொரு மூலையில் ரகசிய சுவிட்ச் வைக்கத் தொடங்கியது இதனால்தான்.

எந்த வயரை அறுப்பது?

இன்ஜின் ஓட மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலில் யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும், அது ஸ்டார்ட்டரின் வேலை. பிறகு எரிபொருள் வர வேண்டும். வந்தது பற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பற்றவைப்பது பிளக்கின் பொறி. டீசலில் பொறியே கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. இந்த மூன்றில் எதையாவது ஒன்றைத் துண்டிப்பதுதான் மறைவு சுவிட்சின் வேலை. எதைத் துண்டிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. விரல் தடிமனுள்ள அந்தக் கேபிளின் நடுவில் சின்ன சுவிட்சை வைத்தால் அது உருகிப்போகும். ஆனால் சாவி நேரடியாக அந்த மின்சாரத்தைக் கையாளுவதில்லை. அது ரிலே என்ற சிறு மின்காந்த சுவிட்சைத் தூண்டுகிறது, அந்த ரிலே ஸ்டார்ட்டரின் சொலினாய்டைத் தூண்டுகிறது. ரிலேவின் சுருளுக்கு 0.2 ஆம்பியர்கூடத் தேவையில்லை. அந்த மெல்லிய வயரை அறுத்து நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும், சாவியைத் திருப்பினாலும் டிக் சத்தம்கூட வராது. இந்த இடத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. சுவிட்ச் பழுதானால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுரோட்டில் நிற்காது.

குறை என்னவென்றால், ஸ்டார்ட்டர் இல்லாமலே இன்ஜினைச் சுற்ற முடியும். டிஃபெண்டருக்கு முந்தைய சீரீஸ் லேண்ட் ரோவர்களில் முன் பம்பர் வழியாக இரும்பு ஹேண்டிலை விட்டுச் சுற்றுவதற்கே ஆலை ஏற்பாடு செய்திருந்தது. ஹேண்டில் இல்லாவிட்டால் சரிவில் தள்ளி கியரைப் போட்டால் ஆயிற்று.

எரிபொருளைத் துண்டித்தால் இந்த ஓட்டை அடைபடும். 1994 முதல் 1998 வரை டிஃபெண்டரில் வந்த 300டிடிஐ டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். டீசலை அளந்து பீய்ச்சும் பாஷ் பம்பு முழுக்க இயந்திரப் பொறிதான், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. பம்பின் தலைப்பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு சொலினாய்டு முடுக்கியிருக்கும். அதற்கு வருவது ஒற்றை வயர். சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் வந்து உள்ளிருக்கும் சின்ன உலக்கையை இழுத்துப் பிடிக்கிறது, டீசல் வழி திறக்கிறது. சாவியை அணைத்தால் ஸ்பிரிங் அதைத் தள்ளி வழியை அடைத்துவிடுகிறது. இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிய பிறகு மின்சாரத்தை நம்பியிருக்கும் ஒரே உறுப்பு இதுதான். அந்த வயரில் ஒரு சுவிட்ச் வைத்தால் தள்ளினாலும் வண்டி கிளம்பாது.

ஆனால் பானெட்டைத் திறக்கத் தெரிந்தவனுக்கு இதே ஒற்றை வயர்தான் வரப்பிரசாதம். பேட்டரியிலிருந்து டைரக்ட் கொடுத்துவிட்டால் டாஷ்போர்டுக்குள் மறைத்த சுவிட்சுக்கு வேலையே இல்லை. இதற்குப் பதிலடியாக அந்தச் சொலினாய்டையே மூடும் கனத்த எஃகுக் கவசங்கள் சந்தைக்கு வந்தன. பானெட்டுக்குத் தனிப் பூட்டு போடுகிறவர்களும் உண்டு.

பெட்ரோல் வண்டியில் பம்பைத் துண்டித்தால் வேறொரு சிக்கல் வருகிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கியிருக்கும் பெட்ரோல் தீரும்வரை வண்டி ஓடும், பிறகு எங்கோ நின்றுபோகும். திருடன் பதறி விட்டுவிட்டு ஓடலாம். வளைவான மலைப்பாதையில் நின்ற அந்த வண்டி மீது பின்னால் வருகிறவர் மோதவும் கூடும். காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அறுப்பது இதைவிட மேல். பொறி உடனே நின்றுவிடும்.

பேட்டரியையே துண்டித்துவிடும் ஐசொலேட்டர் சுவிட்சும் பலரிடம் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக் சாவியைத் திருகி எடுத்தால் வண்டி முழுக்க இருட்டு. தண்ணீர் புகுந்தாலோ வயர் புகைந்தாலோ உயிர் காக்கும் சாதனம் அது. திருட்டுக்கு எதிராக அதன் பலம் குறைவு, ஏனென்றால் கடையில் கிடைக்கும் சிவப்புச் சாவிகளில் பெரும்பாலானவை ஒரே வடிவம். போர்க்கால ஜீப்பின் பொதுச் சாவிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதோடு, இன்ஜின் ஓடும்போது யாராவது அதைத் திருகிவிட்டால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென எகிறி அதன் டையோடுகளைப் பொசுக்கிவிடலாம்.

ஆகவே கணக்கு இப்படி நிற்கிறது: ஆபத்து குறைந்த இடத்தில் அறுத்தால் பாதுகாப்பும் குறைவு, வலுவான இடத்தில் அறுத்தால், ஓடும்போது இன்ஜின் நின்றுவிடும் அபாயம் கூடவே வருகிறது. இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவியும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். காட்டுப்பாதையில் ஓடும் வண்டிக்கு இது சாதாரண விஷயமில்லை. குலுக்கலில் வயர் இணைப்புகள் தளரும். டிஃபெண்டர் அரை மீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டி என்பதால், இருக்கைக்குக் கீழே வைத்த மலிவான சுவிட்ச் துருப்பிடிக்கும். முழங்கால் இடிக்கும் இடத்தில் வைத்த சுவிட்ச் பள்ளத்தில் இறங்கும்போது தானாக அணையும். சாலிடர் மட்டும் போட்டுத் தொங்கவிட்ட இணைப்பு, சாலிடர் முடிந்து வயர் தொடங்கும் இடத்தில் அதிர்வினால் அறுந்துபோகும்.

மறதிக்கு ஒரு ரிலே

1940இன் உத்தரவில் இருந்த பெரிய ஓட்டை மனித மறதி. இழுத்துவிடும் சுவிட்சிலும் அதே ஓட்டை உண்டு. முதல் மாதம் உரிமையாளர் தவறாமல் அணைப்பார். மழையில் ஓடி வீட்டுக்குள் நுழைகிற நாளில் மறப்பார். பிறகு அது நிரந்தரமாக ஆன் நிலையிலேயே இருக்கும்.

இதற்குத் தீர்வு ஒரு சாதாரண ரிலேவிலேயே இருக்கிறது. வாகன ரிலேவின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண் பொறித்திருக்கும். 85க்கும் 86க்கும் இடையில் சுருள்; அதில் மின்சாரம் பாய்ந்தால் 30உம் 87உம் சேர்ந்துகொள்ளும். சாவி வழியாக வரும் மின்சாரத்தை 30இல் கொடுத்து, 87இலிருந்து ஒரு கிளையைத் திருப்பி அதே ரிலேவின் சுருளுக்கே கொண்டுபோனால், ஒருமுறை பிடித்த ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் தூண்டுதலுக்கு மட்டும் ஒரு மறைவான அமுக்குப் பொத்தான். சாவியைத் திருப்பு, பொத்தானை ஒரு கணம் அமுக்கு, ஸ்டார்ட் செய். சாவியை அணைத்ததும் ரிலே விடுபட்டுவிடும். அடுத்த முறை பொத்தானை மறுபடி அமுக்கியாக வேண்டும். பூட்ட வேண்டும் என்று யாரும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

இங்கேயும் ஒரு விலை உண்டு. ஏதோ ஒரு குலுக்கலில் மின்சாரம் ஒரு நொடிப்பொழுது விட்டு வந்தால் ரிலே விடுபட்டு இன்ஜின் நின்றுவிடும். அதனால் இந்தச் சுற்றில் பியூஸும் அழுத்திப் பொருத்திய முனைகளும் தரமானவையாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையமான தாட்சம், வண்டியை ஓடவிடாமல் தடுக்கும் கருவிகளான இம்மொபிலைசர்களுக்குச் சான்று வழங்கும்போது இரண்டு நிபந்தனைகளை வலியுறுத்துகிறது. கருவி தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு சுற்றுகளையாவது துண்டிக்க வேண்டும். வீட்டில் செய்த சுவிட்சுக்கு அந்தச் சான்று கிடைக்காது. ஆனால் கவனமான மெக்கானிக் ஸ்டார்ட்டர் ரிலேவில் ஒன்று, டீசல் சொலினாய்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் அறுப்பதன் தர்க்கமும் இதேதான். ஒன்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவன், வண்டியே பழுது என்று நினைக்கத் தொடங்குவது இரண்டாவதில்தான்.

ஒளிப்பதில் உள்ள வேலை

பொதுவாக ரகசிய சுவிட்சைக் காட்டிக்கொடுப்பது சுவிட்ச் அல்ல, அதற்குப் போகும் வயர். பிரிட்டிஷ் வண்டிகளின் வயர்களுக்கு ஒரு நிற இலக்கணம் உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவிக்குப் பிறகு வருவது. பச்சை, சாவிக்கும் பியூஸுக்கும் பிறகு வருவது. ஊதா, பியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது. கறுப்பு எர்த். வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடினால் ஸ்டார்ட்டர் பக்கம் போகிறது என்று அர்த்தம். இருபத்தைந்து வருடப் புழுதி படிந்த இந்தக் கட்டுக்குள் பளபளக்கும் புது நீல வயர் ஒன்று ஓடினால், டார்ச் பிடித்துப் பார்க்கிறவனுக்கு அதைவிடத் தெளிவான கைகாட்டி வேண்டாம். அதனால் நுணுக்கமாக வேலை செய்கிறவர்கள் பழைய வண்டியிலிருந்து உருவிய அதே நிற வயரையே போட்டு, ஆலை சுற்றிய மாதிரியே டேப்பும் சுற்றி, தூசியையும் பூசிவிடுகிறார்கள்.

சிலர் புது சுவிட்சே வைப்பதில்லை. பின் கண்ணாடியைச் சூடாக்கும் பொத்தான் ஏற்கெனவே டாஷ்போர்டில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கிளையை ரிலேவுக்குக் கொண்டுபோய், அந்தப் பொத்தான் அமுங்கியிருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும் என்று செய்துவிட்டால், கண்ணுக்கு நேரே இருக்கும் பொருள்தான் ரகசியம். இன்னும் ஒருபடி மேலே போனால் ரீட் சுவிட்ச். 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது: கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். அதை டாஷ்போர்டு உறைக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் காந்தத்தைச் சரியான இடத்தில் வைத்தால்தான் வண்டி உயிர்பெறும். ரீட் சுவிட்ச் தாங்கும் மின்சாரம் மிகக் குறைவு. ரிலேவைத் தூண்ட அது போதும்.

ஒளித்து வைப்பதெல்லாம் ஒரு பாதுகாப்பா என்ற கேள்வி குறியீட்டு இயலில் பழையது. 1883இல் ஒகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் ராணுவக் குறியீடுகளுக்கு ஒரு விதியை முன்வைத்தார்: முறை எதிரியின் கையில் சிக்கினாலும் பாதகம் இருக்கக் கூடாது, சாவி மட்டுமே ரகசியமாக இருந்தால் போதும். மறைவு சுவிட்சை இந்த விதியில் உரசிப் பார்க்கலாம். பழைய வண்டிகளில் சுவிட்ச் ஒளிக்கிறார்கள் என்பது திருடர்கள் அனைவருக்கும் தெரியும், முறை அம்பலமாகிவிட்டது. மிச்சமிருக்கும் ரகசியம் இடம் மட்டுமே, அதுதான் இங்கே சாவி. ஓட்டுநர் கைக்கு எட்டும் தூரத்தில் சுவிட்ச் வைக்கத் தோதான இடங்கள் இருபதோ முப்பதோ இருக்கும். சாவி என்ற அளவில் இது மிகச் சிறியது. பொறுமையாகத் தேட நேரம் கிடைத்தவன் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் வீட்டு வாசலில் டார்ச்சோடு குனிந்திருப்பவனுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. மேலும், ஒரு வண்டியில் கற்றது அடுத்த வண்டியில் உதவாது. ஆலைப் பூட்டில் ஒரு பலவீனம் தெரிந்துவிட்டால் அதே மாடல் வண்டிகள் லட்சக்கணக்கில் ஒரே நாளில் திறந்துகொள்கின்றன.

அமெரிக்காவில் இது கண்ணெதிரே நடந்தது. 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற பல கியா, ஹூண்டாய் மாடல்களில் இம்மொபிலைசர் இல்லை. மில்வாக்கி நகரத்துச் சிறுவர்கள் அவற்றை எளிதாக எடுக்கும் வழியைக் கண்டுபிடிக்க, வீடியோக்கள் மூலம் அது நாடு முழுக்கப் பரவியது. எல்லை தாண்டிய கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்தே புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம் என்பதால் அந்த வித்தை அங்கே பலிக்கவில்லை.

பூட்டாத வண்டிக்கு நகரும் திருடன்

புது வண்டிக்குப் பூட்டு வந்தால் பழைய வண்டிக்கு ஆபத்து கூடும். 1971இல் பிரிட்டன் புதுக் கார்களுக்கு ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. லண்டனில் திருடுபோன கார்களில் புதியவற்றின் பங்கு 1969இல் ஏறத்தாழ 21 சதவீதமாக இருந்து 1973இல் 5 சதவீதமாக இறங்கியது. மொத்தத் திருட்டோ அதற்கேற்ப இறங்கவில்லை. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்கு நகர்ந்திருந்தார்கள். மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழைய, புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதே விதியைப் போட்டதால் அங்கே நகர்வதற்கு இடமிருக்கவில்லை, திருட்டு நிஜமாகவே குறைந்தது.

இம்மொபிலைசர் காலத்திலும் இதே கதைதான். 1998 அக்டோபர் முதல் பிரிட்டனில் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். நெதர்லாந்தின் பொருளியலாளர்கள் யான் வான் ஊர்ஸும் பென் வொல்லார்டும் தங்கள் நாட்டின் 1995 முதல் 2008 வரையிலான தரவுகளை அலசியபோது, அங்கும் இருந்த இதே விதியால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்திருந்தது. அதே தரவில், கருவி இல்லாத பழைய கார்களின் பக்கம் திருடர்கள் ஓரளவு திரும்பியதும் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1999இல் இதை நேரடியாகவே சமாளித்தது: பழைய காரானாலும் கைமாறும்போது இம்மொபிலைசர் பொருத்தியாக வேண்டும் என்றது. கனடாவின் வின்னிபெக் நகரில் அதிகம் திருடுபோகும் மாடல்களுக்குக் காப்பீட்டுக் கழகமே இலவசமாகப் பொருத்திக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அங்கே வாகனத் திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது.

அப்படி எந்த ஏற்பாடும் இல்லாத ஊரில், 1995 மாடல் டிஃபெண்டரின் உரிமையாளர் தானே ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் சுவிட்ச் தடுப்பது ஒன்றை மட்டும்தான்: வண்டி தன் சொந்த இன்ஜினில் ஓடிப்போவதை. டிரெய்லரும் வின்ச்சும் கொண்டு வருகிறவனுக்கு இன்ஜின் தேவையே இல்லை. டிஃபெண்டரின் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னாலுள்ள ஒரு டிரம்மைத்தான் பிடிக்கிறது. அதுவும் வண்டியை இழுத்துப் போகிறவனை அதிக நேரம் தாமதிக்காது. கதவையும் பானெட்டையும் மட்டும் கழற்ற வந்தவன் சாவித் துவாரத்தின் பக்கமே திரும்ப மாட்டான். அதனால் சேஸிஸைத் தரையில் புதைத்த கொக்கியோடு இணைக்கும் சங்கிலி, கிளட்சையும் பிரேக்கையும் மூடிப் பூட்டும் எஃகுப் பெட்டி, சக்கரப் பூட்டு, ஒளித்து வைத்த ஜிபிஎஸ் கருவி ஆகியவையும் சுவிட்சோடு சேர்ந்தால்தான் பாதுகாப்பு நிறைவாகும். வயரிங்கில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவதும் அவசியம். சொல்லாமல் விட்டால், பிறகு வண்டி தீப்பிடித்தாலோ விபத்தானாலோ வழக்கு அங்கிருந்தே தொடங்கும்.

புதிய தலைமுறை டிஃபெண்டர் ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரத்து ஆலையில் தயாராகிறது. அதில் அறுத்து நடுவில் சுவிட்ச் வைக்கத் தனி வயர் என்று ஒன்று கிடைப்பது கடினம். கட்டளைகள் எல்லாம் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தரவாக ஓடுகின்றன. அந்தத் தரவு வழியிலேயே போலிக் கட்டளையை நுழைத்துக் கார்களைக் கடத்தும் உத்தி 2023இல் அம்பலமானது. லண்டனில் ஒரு வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் காரே அப்படித் திருடுபோயிருந்தது. இதற்கு எதிராக இப்போது விற்கும் கருவிகள், ஸ்டியரிங்கிலும் கதவிலும் ஏற்கெனவே உள்ள பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அமுக்கினால்தான் இன்ஜினை ஓடவிடுகின்றன. பின் கண்ணாடிப் பொத்தான் தந்திரத்தின் டிஜிட்டல் வாரிசு இது. ஆறு பொத்தான்களில் ஐந்து அமுக்கல் என்றால் 7,776 வரிசைகள் சாத்தியம். முப்பது ஒளிவிடங்களோடு ஒப்பிட்டால் கெர்க்காஃப்ஸ் இதை மறுப்பின்றி ஏற்றிருப்பார். வண்டியை ஒர்க்ஷாப்பில் விடும்போது ரகசிய வரிசையைச் சொல்லாமல் இருக்க, இந்தக் கருவிகளில் சர்வீஸ் நிலை என்ற தற்காலிக விடுப்பும் உண்டு. பழைய 300டிடிஐ வைத்திருப்பவர் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சைத் தானே போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.